இரண்டு 'எ'

ஜூன் 3, திங்கள்

தண்ணீர் லாரி இன்றும் வரவில்லை. அரை வாளியில் குளித்துவிட்டு, எனக்கே நடக்கும் பாராட்டுக் கூட்டத்துக்குப் போனேன்.

எங்கள் ஆராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநர் பேசினார். மனிதர் கண் டாக்டர். மூளைக் கட்டியின் ஸ்டெம் செல்லைப் பற்றி எனக்கு முன்னாலேயே பத்து நிமிடம் விளக்கினார். பாதியில் சிறுமூளையைத் தண்டுவடத்தோடு சேர்த்துக் குழப்பிக்கொண்டார். யாரும் கவனிக்கவில்லை. எல்லாருக்கும் கண் சமோசா மேல்.

இவ்வளவுதான் விஷயம். தலைக்குள் கட்டி வந்தால் அறுத்து எடுக்கிறார்கள். கோரைப் புல்லை மேலே அறுத்து என்ன பயன், கிழங்கு உள்ளே இருக்கிறது. அந்தக் கிழங்குதான் ஸ்டெம் செல். நான் ஒரு நோயாளியின் கிழங்கைத் தனியே பிரித்து, பதிமூன்று வருடம் கண்ணாடிப் புட்டியில் வளர்த்து, அதைக் கொல்லும் மருந்தையும் கண்டுபிடித்தேன். ஜூலை 22-இல் அந்த மருந்தை முதல் நோயாளிக்கு ஏற்றுகிறார்கள். அதற்காகத்தான் விருது. இதை ஒரு நிமிடத்தில் சொல்லலாம். ஆனால் இயக்குநருக்கு மைக் கிடைத்தால் விடமாட்டார்.

ஜூன் 5, புதன்

கடைசிக் கட்டுரையை அனுப்பிய பத்திரிகையிலிருந்து பதில். செல்கள் யாருடையவை என்று டி.என்.ஏ. சோதனை செய்து சான்று அனுப்ப வேண்டுமாம். அந்த ஆசிரியர் பள்ளிக்கூடம் போகும் முன்பே என் செல்கள் புட்டியில் இருந்தன. என் பிள்ளைக்கு என்னிடமே பிறப்புச் சான்று கேட்கிறார்கள்.

என் ஆராய்ச்சி மாணவி பர்வீனிடம் கொடுத்தேன். வாணியம்பாடிப் பெண். ஐந்து வருடமாக என்னிடம் இருக்கிறாள். மோசமில்லை, ஆனால் எதையும் இரண்டு தடவை சரிபார்ப்பாள். தன் மேல் நம்பிக்கை இல்லாதவர்களின் பழக்கம் அது.

சோதனைக்கு ஒப்பிட, நோயாளியின் பழைய ரத்த மாதிரியும் வேண்டும். எல்லம்மாள், வயது 38, அரக்கோணம், 2011. நல்லவேளை, பெட்டியில் இருந்தது.

ஜூன் 11, செவ்வாய்

சலவை இயந்திரம் ரிப்பேர். சரிசெய்ய வந்தவன் திறந்து பார்த்துவிட்டு, "மேடம், இதை யாரு இப்படி மாத்தி மாட்டுனது?" என்று கேட்டான். நான்தான் போன மாதம் குழாயைக் கழற்றி மாட்டினேன். முன்னால் வந்த ஆள் என்று சொன்னேன்.

ஜூன் 19, புதன்

ஆண்.

ஜூன் 20, வியாழன்

நேற்று எழுத மனமில்லை. பர்வீன் காகிதத்தை என் மேசையில் வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள். செல்கள் எல்லம்மாளின் ரத்தத்தோடு பொருந்தவில்லை. அது மட்டுமல்ல, அவை ஒரு ஆணுடையவை.

சோதனைக்கூடத்தின் லட்சணம் தெரிந்ததுதான். அல்லது பர்வீனே தன் எச்சிலைக் கலந்திருப்பாள் என்று நினைத்தேன். பிறகுதான் அவள் பெண் என்பது உறைத்தது. மறுபடி அனுப்பச் சொன்னேன். இந்தத் தடவை மாதிரியை நானே எடுத்தேன்.

ஜூன் 28, வெள்ளி

மறுபடியும் அதேதான். பொதுப் பட்டியலில் தேடிப் பார்த்து எந்தச் செல் என்றும் எழுதியிருக்கிறார்கள். உலகத்தில் பாதி ஆய்வகங்களில் கிடக்கும், விலைக்கு வாங்குகிற பழைய மூளைக்கட்டிச் செல். எழுபதுகளில் வெளிநாட்டில் யாரோ ஒரு ஆணின் தலையிலிருந்து எடுத்தது. 2010-இல் நாங்களும் பத்து டியூப் வாங்கி நைட்ரஜன் தொட்டியில் உறைய வைத்திருந்தோம்.

அப்படியானால் டியூப் மாறியிருக்கிறது. அந்தக் காலத்தில் டியூப்களை எடுத்துக் கொடுத்தவன் லாசர். லேப் டெக்னீஷியன். பத்தாம் வகுப்பு. வேறு யாராக இருக்க முடியும்?

காகிதத்தை மேசை டிராயரில், மூட்டு வலித் தைலத்துக்கு அடியில் வைத்தேன்.

ஜூலை 1, திங்கள்

பர்வீன் வந்து கதவைச் சாத்தினாள்.

"மேம், இருபத்திரண்டாம் தேதி மருந்து ஏத்தப் போறாங்க."

"தெரியும்."

"அந்த மருந்து நம்ம செல்லைக் கொல்லுதுன்னுதானே குடுக்கறாங்க. இது ஸ்டெம் செல்லே இல்லேன்னா? அம்பது வருஷமா புட்டியில வளர்ந்த செல், எதைப் போட்டாலும் சாகும் மேம்."

"எனக்குப் பாடம் எடுக்கிறியா?"

"இல்ல மேம். நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமான்னு கேக்கறேன்."

அவளுடைய ஆய்வேட்டில் இன்னும் நான் கையெழுத்துப் போடவில்லை. அதை அவளுக்கு நினைவூட்டினேன். மிரட்டவில்லை, நினைவூட்டினேன். அவள் கதவைத் திறந்துகொண்டு போய்விட்டாள். இந்தத் தலைமுறைக்குப் பொறுமை என்பதே கிடையாது. விருது விழா 27-ஆம் தேதி. அதன் பிறகு நிதானமாகத் திருத்தம் வெளியிடலாம். மருந்து வேலை செய்தாலும் செய்யும், யார் கண்டது?

ஜூலை 3, புதன்

பழைய ஆய்வுக் குறிப்பேடு கிடைத்தது. 2011. என் கையெழுத்து அப்போது எவ்வளவு அழகு.

பக்கத்து ஆய்வகத்தில் அந்த நாட்களில் ஒரு வடநாட்டுக்காரர் இருந்தார். ஆராய்ச்சியில் ஆர்வம் கம்மி, அடுத்தவர் டியூப்பில் ஆர்வம் அதிகம். அவர் கைக்குத் தப்பிக்க என் டியூப்களில் தமிழ் எண்களைப் போட்டேன். அப்பா தமிழாசிரியர், காலண்டரில்கூடத் தமிழ் எண்ணைத்தான் எழுதுவார். ஒன்றுக்கு க மாதிரி, இரண்டுக்கு உ மாதிரி. வாங்கின செல் பத்து டியூப்புக்கும் அப்படியே எண் போட்டேன். வடநாட்டுக்காரர் விழித்த விழி இன்னும் நினைவிருக்கிறது. இந்த நிறுவனத்திலேயே தமிழ் எண் தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

எல்லம்மாளின் செல்லை ஒரே ஒரு டியூப்தான் உறைய வைக்க முடிந்தது. கட்டி அவ்வளவு சிறியது. அதன் மூடியில் பெயரின் முதல் எழுத்தை எழுதினேன். எ.

தமிழில் ஏழு என்ற எண்ணும் பார்க்க எ மாதிரிதான் இருக்கும்.

ஜூலை 4, வியாழன்

மூட்டு வலி. லீவு.

ஜூலை 6, சனி

லாசரைப் பார்க்கப் போனேன். ராயபுரத்தில் மகள் வீட்டு மாடியில் இருக்கிறான். அறுபத்தேழு வயது. தொட்டியில் ரோஜா வளர்க்கிறான். குற்றத்தை ஒப்புக்கொள்ள வைத்து எழுதி வாங்குவது என் திட்டம்.

நாற்காலியைத் துடைத்துப் போட்டுவிட்டு, தான் நின்றுகொண்டே இருந்தான்.

"லாசர், பதினொண்ணுல அந்த எல்லம்மாள் செல்லை நைட்ரஜன் தொட்டிலேர்ந்து யாரு எடுத்தது?"

"நான்தாங்க மேடம்."

"எந்த டியூப்பை எடுத்தே?"

"நீங்க 'எ' எடுன்னீங்க. பெட்டியில ரெண்டு எ இருந்துச்சு. ஒண்ணுக்கு மட்டும் வால் கொஞ்சம் நீளம். ரெண்டையும் இடுக்கில புடிச்சுத் தூக்கிக் காட்டி, எது மேடம்னு கேட்டேன். நீங்க போன்ல இருந்தீங்க. ஏதோ வெளிநாட்டுக் கான்பரன்ஸ் டிக்கெட்டு. விரலைக் காட்டுனீங்க."

"எந்த விரலை?"

"இந்த விரலைத்தாங்க" என்று ஆட்காட்டி விரலை நீட்டிக் காட்டினான். "அப்பவும் சந்தேகம். மேடம், ஒரு எழுத்தை ரெண்டு டியூப்ல எழுதியிருக்கீங்களேன்னு சொன்னேன். படிக்கத் தெரிஞ்சவங்க எழுதினது, நீ எடுத்ததை உருக்குன்னீங்க."

காபி வந்தது. சர்க்கரை அதிகம்.

"பதினாறுலயும் சொன்னேங்க மேடம். இது ஆளுகிட்டேர்ந்து வந்த செல்லு மாதிரி இல்ல, வாங்குன செல்லு மாதிரி மளமளன்னு வளருதுன்னு. அடுத்த வாரம் என்னை எலிக் கூண்டுக்கு மாத்திட்டீங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன். மழை பெய்ததைச் சொல்வது மாதிரிச் சொன்னான். கிளம்பும்போது ஒரு ரோஜாச் செடியைக் கவரில் போட்டுக் கொடுத்தான். எழுதி வாங்க எடுத்துப்போன காகிதம் பைக்குள்ளேயே இருந்தது.

ஜூலை 7, ஞாயிறு

2015 வெள்ளத்தில் நான்கு நாள் கரண்ட் இல்லை. நைட்ரஜன் தொட்டி காலியாகியிருந்தால் எல்லா டியூப்பும் செத்திருக்கும். லாசர் இடுப்பளவுத் தண்ணீரில் நைட்ரஜன் கேனைத் தலையில் வைத்துக்கொண்டு வந்து ஊற்றினார். நான் அப்போது மாடியில் கட்டுரை திருத்திக்கொண்டிருந்தேன். இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

லாசர் சொன்ன அதே 2016-இல் என் ஒரு கட்டுரையைப் படித்த வெளிநாட்டு மதிப்பீட்டாளர் கேட்டிருந்தார், இது பெண் நோயாளி என்றால் அட்டவணையில் ஆண்களுக்கு மட்டும் உள்ள ஜீன் ஏன் தெரிகிறது என்று. கருவியின் பிழை என்று பதில் எழுதினேன். அவர் ஒரு தொல்லை பிடித்த மனிதர். ஒப்புக்கொண்டுவிட்டார்.

ரோஜாச் செடிக்குத் தொட்டி வாங்க வேண்டும்.

ஜூலை 9, செவ்வாய்

எல்லம்மாளின் நினைவு நாள். அவள் கணவர் முனிரத்தினம் வழக்கம்போல் வந்தார். அரக்கோணத்தில் மிக்ஸி ரிப்பேர் கடை. வருடம் தவறாமல் இதே நாளில் அவித்த வேர்க்கடலைப் பையோடு வருகிறார். 2012-இல் இரக்கப்பட்டு ஒரு தடவை அவள் செல்லை மைக்ராஸ்கோப்பில் காட்டினேன். அன்று பிடித்தது இந்தத் தலைவலி.

"எல்லு எப்பிடி கீறா மேடம்?"

"நல்லா இருக்காங்க."

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். குனிந்து பார்த்தார். "எல்லு, சின்னவளுக்கு நிச்சயம் பண்ணிட்டோம். பையன் ரயில்வேல கீறான்" என்று லென்ஸிடம் சொன்னார். எதிரே பர்வீன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எந்த நாட்டுக்காரனோ, செத்து அரை நூற்றாண்டு ஆகிறது, அவனிடம் இவர் மகள் கல்யாணத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். சிரிப்பு வந்திருக்க வேண்டும்.

போகும்போது சொன்னார். "கீழ ஒருத்தரைப் பாத்தேன் மேடம். கரூர் பக்கம், பஸ் கண்டக்டராம். தலைல கட்டுப் போட்டுகினு, அந்தப் புது மருந்துக்குக் கையெழுத்துப் போடப் பயந்துகினு குந்திகினு இருந்தாரு. நான்தான் சொன்னேன். பதிமூணு வருசமா எம் பொண்டாட்டி மேல போட்டுப் பாத்த மருந்து, தைரியமா போடுன்னு. உடனே போட்டுட்டாரு."

கடலை இன்னும் சூடாக இருந்தது. நன்றி சொன்னேன்.

ஜூலை 10, புதன்

காலையில் இரண்டு சோதனைத் தாள்களோடு இயக்குநர் அறைக்குப் போனேன். படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மேடம், விழா முடியட்டுமே. அப்புறம் நிதானமா ஒரு திருத்தம் போட்டுக்கலாம். மருந்து வேலை செஞ்சாலும் செய்யும், யாரு கண்டா?"

அற்ப மனிதர். ஆனால் அவர் சொன்ன ஒவ்வொரு வரியையும் நான் ஒன்பது நாள் முன்பே இந்த டைரியில் எழுதியிருக்கிறேன். வீட்டுக்கு வந்து ஜூலை 1-ஐப் புரட்டிப் பார்த்தேன். அவமானமாக இருந்தது. அவரைப் போல நான் யோசித்திருக்கிறேன்.

நெறிமுறைக் குழுவுக்கும், பதினொரு கட்டுரைகளை வெளியிட்ட பத்திரிகைகளுக்கும், விருதுக் குழுவுக்கும் நானே எழுதி அனுப்பினேன். பர்வீனின் ஆய்வேட்டில் கையெழுத்துப் போட்டேன். ஆனால் அவள் ஏட்டிலும் பாதி அந்த ஆண் செல்தான், திருத்தி எழுத இன்னும் ஒரு வருடம் ஆகும். அவளிடம் மன்னிப்பு கேட்க வாயெடுத்தேன். "உன் முன்னுரையில் எழுத்துப்பிழை நிறைய" என்றுதான் வந்தது.

ஜூலை 11, வியாழன்

மருந்துச் சோதனை நிறுத்தப்பட்டது. கண்டக்டரைப் பழைய சிகிச்சைக்கு அனுப்பிவிட்டார்கள். வராந்தாவில் பேச்சு நிற்கிறது, நான் கடந்து போனதும் மறுபடி தொடங்குகிறது. பதிமூன்று வருடம் என் காலடியில் கிடந்தவர்களுக்கு இன்றுதான் குரல் வந்திருக்கிறது.

பர்வீனைக் கூட்டிக்கொண்டு நைட்ரஜன் அறைக்குப் போனேன். வாங்கின செல்லை 2019-இல் மொத்தமாக வெளியே எறியச் சொல்லியிருந்தேன். தொட்டியில் இடமில்லை. அவளிடம்தான் சொன்னேன், அப்போது புதிதாகச் சேர்ந்தவள். எல்லாம் போயிருக்கும் என்றுதான் நினைத்தேன்.

அவள் அடித்தட்டிலிருந்து ஒரு டியூப்பை எடுத்தாள். மூடியில் எ.

"ஏன் எறியலே?"

"மத்ததுல எல்லாம் ஏதோ கிறுக்கல் மாதிரி இருந்துச்சு மேம். இது மட்டும் யாரோட பேரோ மாதிரி இருந்துச்சு. தூக்கிப் போட மனசு வரல."

வால் சிறியது.

ஜூலை 13, சனி

அரக்கோணம் மின்சார ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. முனிரத்தினத்தின் கடையில் பிரித்துப் போட்ட மிக்ஸிகளுக்கு நடுவே ஸ்டூலில் உட்கார்ந்து சொன்னேன். டியூப்பை மாற்றி எடுத்தது நான் என்று சொன்னேன். கேட்டு முடித்த பிறகும் கையில் இருந்த ஸ்க்ரூ டிரைவரை அவர் கீழே வைக்கவில்லை.

"ஆம்பளயா?"

"ஆமா."

"அவன் பேரு இன்னா மேடம்?"

பதிமூன்று வருடத்தில் அந்தச் செல்லின் சொந்தக்காரர் யார் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. தெரியாது என்றேன்.

"அவனுக்கும் வூட்ல யாராச்சும் இருந்திருப்பாங்கல்ல" என்றார். பிறகு ஒரு மிக்ஸியின் திருகை முடுக்கத் தொடங்கினார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்ப எல்லு எங்க கீறா?"

"அதே தொட்டியில. அடித்தட்டுல. யாரும் தொடலை."

"பதிமூணு வருசமா அந்தக் குளிர்ல ஒண்டியா கீறா."

"அந்தக் கண்டக்டருகிட்ட நான் சொல்லிட்டனே" என்றார். மருந்து ஏற்றவில்லை, அவருக்கு ஒன்றும் ஆகாது என்றேன். அப்போதுதான் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார்.

ஜூலை 16, செவ்வாய்

டியூப்பை உருக்கினோம். பர்வீன்தான் செய்தாள், நான் கடிகாரத்தைப் பார்த்து நேரம் மட்டும் சொன்னேன். வயசாகிவிட்டது. பெரும்பாலும் செத்த செல்கள். நாற்பது இருக்கும், உயிரோடு. அதுவும் சந்தேகம்.

ஜூலை 27, சனி

இன்று விருது விழா. வேறு யாருக்கோ கொடுத்தார்கள். பேப்பரில் படம் பார்த்தேன். அவருடைய ஆராய்ச்சியும் குப்பைதான்.

ரோஜாவில் ஒரு மொட்டு.

ஆகஸ்ட் 8, வியாழன்

வளர்கின்றன. ஒரு செல் இரண்டாக ஆறு நாள். அந்த ஆண் செல் ஒரே நாளில் இரட்டிக்கும். நோயாளியிடமிருந்து வரும் செல் இவ்வளவு மெதுவாகத்தான் வளரும் என்பது முதல் வருட மாணவிக்குத் தெரியும். லாசருக்குத் தெரிந்தது. எனக்கும் தெரிந்துதான் இருந்தது.

டி.என்.ஏ. சோதனையின் முடிவும் வந்தது. எல்லம்மாள்தான்.

ஆகஸ்ட் 29, வியாழன்

மருந்தைப் போட்டு மூன்று நாள் பார்த்தோம். அவளை அது ஒன்றும் செய்யவில்லை.

செப்டம்பர் 3, செவ்வாய்

முனிரத்தினம் வந்தார். நினைவு நாள் இல்லை, நான்தான் கூப்பிட்டேன். வேர்க்கடலை இல்லை. மைக்ராஸ்கோப்பில் நெடுநேரம் பார்த்தார். முன்பெல்லாம் புட்டி நிறைய மொய்க்கும். இப்போது ஓரத்தில் சின்னச் சின்ன உருண்டைகளாக ஏழெட்டு.

"இவ்ளோதானா மேடம்?"

"மெதுவாத்தான் வளர்றாங்க."

"அப்ப எல்லுதான்" என்றார். "வூட்டுக் கதவைப் பூட்டவே அரை மணி நேரம் ஆக்குவா."

வேறு எதுவும் அவளிடம் பேசவில்லை. மகள் கல்யாணப் பத்திரிகையை என்னிடம் கொடுத்தார். அந்தப் பேர் தெரியாத ஆணின் புட்டி பக்கத்திலேயே இருந்தது. போகும்போது அதற்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் போனார்.

மாலையில் விசாரணைக் குழுவின் படிவத்தை நிரப்ப உட்கார்ந்தேன். கூடவே பழைய கோப்புகளையும் அனுப்பியிருந்தார்கள். 2016-இல் லாசரை எலிக் கூண்டுக்கு மாற்ற நான் எழுதிய குறிப்பு அதில் இருந்தது. ஒரே வரி. படிவத்தின் கடைசியில் 'பிழைக்குக் காரணமானவர், காரணம்' என்று இரண்டு கட்டங்கள். நன்றாக எழுதப்பட்ட வரி, புதிதாக யோசிக்க வேண்டியிருக்கவில்லை. இரண்டாவது கட்டத்தில் அதையே பார்த்து எழுதினேன்: எழுத்துக்கும் எண்ணுக்கும் வித்தியாசம் தெரியாதவர், ஆய்வகத்துக்கு உதவார்.

முதல் கட்டத்தில், முதல் எழுத்தோடு நிறுத்தாமல், கோமளவல்லி என்று என் முழுப் பெயரையும் எழுதினேன்.